நிஷா மேடமும் குறிப்பு எழுதிய நானும்

தொழிலாளர் துறையில் வேலை பார்ப்பது என்றால், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கப் பிடிக்காத இரண்டு தரப்புக்கு நடுவில் மேசை போட்டு உட்கார்ந்து, இரண்டு பேரிடமும் திட்டு வாங்கி, அதைத் தேதி போட்டு எழுதி வைப்பது. திட்டு வாங்குவது அதிகாரியின் வேலை. எழுதி வைப்பது என் வேலை. இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெறும் வரை அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம்தான் சுற்றிக்கொண்டிருந்தேன். அதில் மூன்று முறை ரஹ்மத் நிஷா என்கிற ஒரே அதிகாரியிடம் போய் மாட்டினேன். அவர் உதவி ஆய்வாளராக இருந்தபோது ஒரு முறை, உதவி ஆணையராக வந்தபோது ஒரு முறை, துணை ஆணையராகவும் பிறகு இணை ஆணையராகவும் இருந்தபோது கடைசியாக.

நேர்மையான மேலதிகாரியிடம் வேலை பார்த்தவர்கள் உங்களில் இருந்தால் என் கஷ்டம் சொல்லாமலே புரியும். மதியச் சாப்பாடு ஆறிப்போகும். சொந்தக்காரன் சிபாரிசுக்கு வந்தால் நாம்தான் அவனை வாசலோடு திருப்பி அனுப்ப வேண்டும். ஆனாலும் நினைத்துப் பார்த்தால், வேறு யாரிடமாவது இருந்திருந்தால் எனக்குச் சொல்வதற்கு இவ்வளவு இருந்திருக்காது.

ஆட்கள் தேவை

அப்போது மேடம் வேலையில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பூந்தமல்லியில் பூட்டுச் சாவி ரிப்பேர் செய்பவரின் மகள். தேர்வாணையப் பரீட்சை எழுதி, அந்தத் தெருவிலிருந்து அரசு வேலைக்கு வந்த முதல் பெண். தலையில் முந்தானை, தோளில் ஒரு ஜோல்னாப் பை, காலில் ரப்பர் செருப்பு. அதிகாரி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆவடியில் ஒரு ஓட்டலை ஆய்வு செய்யப் புறப்பட்டோம். வழியில் என் சைக்கிள் செயின் கழன்றுகொண்டது. நீங்கள் சரிசெய்துகொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு அவர் முன்னால் நடந்து போய்விட்டார்.

அந்த ஓட்டல் வாசலில் 'பாத்திரம் கழுவ ஆட்கள் தேவை' என்று பலகை தொங்கியது. கல்லாவில் இருந்த முதலாளி இவரைப் பார்த்ததும் வேலைக்கா என்று கேட்டிருக்கிறார். என்ன வேலை என்று இவர் கேட்டிருக்கிறார். பாவம் அந்த மனிதர், ஒளிவுமறைவு இல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். காலை ஆறு மணிக்கு வந்துவிட வேண்டும், கடைசிப் பந்தி முடிந்துதான் போகலாம். வார விடுமுறை என்ற பேச்சே கிடையாது. உடம்பு சரியில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம். பெயரையெல்லாம் பதிவேட்டில் எழுத மாட்டோம், எழுதினால் ஆபீசர்கள் வந்து நோண்டுவார்கள்.

நான் கையெல்லாம் கிரீஸோடு உள்ளே நுழைந்தபோது மேடம் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்துக் கல்லாவின் மேல் வைத்துக்கொண்டிருந்தார். முதலாளி அதை இரண்டு முறை படித்தார். பிறகு மேடம் பதிவேட்டை எடுத்து வரச் சொன்னார். அது வெறுமையாக இருந்தது. அந்த மாதக் கடைசிக்குள் பதினாலு பேரின் பெயர் அதில் ஏறியது. அன்றைக்கு அந்த முதலாளி சொன்னதுதான் நான் எழுதிய முதல் வாக்குமூலம்: "வேலக்கி வந்த பொம்பளன்னு நெனச்சு உண்மையச் சொல்லிட்டேம்மா. ஆபீசருன்னு மின்னாடியே தெரிஞ்சிருந்தா வேற மாதிரி சொல்லியிருப்பேன்."

மாமாவின் தராசு

கொஞ்ச காலம் அவரை எடையளவுப் பிரிவில் போட்டார்கள். கடைத் தராசுகளுக்கு முறைப்படி முத்திரை குத்தியிருக்கிறதா என்று பார்க்கும் வேலை. பூந்தமல்லி மார்க்கெட்டில் ஒவ்வொரு கடையாகப் பார்த்துக்கொண்டே வந்தோம். ஒரு கறிக்கடையில், வாம்மா நிஷா என்று வாயெல்லாம் பல்லாக ஒருவர் எழுந்து வந்தார். மேடத்தின் அம்மாவுக்குக் கூடப் பிறந்த தம்பி, காஜா மாமா. மேடத்தை ஸ்கூலுக்குச் சைக்கிளில் கொண்டுபோய் விட்டவர் அவர்தான். எங்கள் இரண்டு பேருக்கும் டீ சொன்னார். மேடம் தராசைக் கவிழ்த்துப் பார்த்தார். முத்திரை காலாவதியாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. எழுதுங்க சேகர் என்றார். நான் பேனாவை எடுக்காமல் மாமாவைப் பார்த்தேன். மாமா சிரித்துக்கொண்டே மருமகளைப் பார்த்தார். அவர் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நான் எழுதினேன்.

வீட்டில் அவருடைய அம்மா நாலு நாள் பேசவில்லையாம். அடுத்த வாரம் அதே மாமாவின் மகளுக்கு நிக்காஹ். மேடம் போனார், என்னையும் வரச் சொன்னார். பிரியாணிக்காக ஒத்துக்கொண்டேன், ஆனால் பயந்துகொண்டே போனேன். பெண்கள் பக்கம் மேடத்துக்கு இரண்டு பக்கமும் இடம் காலியாகவே கிடந்தது. யாரும் அருகில் உட்காரவில்லை. அவர் எழுந்தும் போகவில்லை. அப்போது மாமாவே பிரியாணி நிறைந்த சஹன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து அவர் முன்னால் வைத்து, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "தராசுக்கு முத்திர குத்திக்கினு வந்துட்டேம்மா. இது சரியான எட. நம்பிச் சாப்பிடு."

சொன்னதை எழுதுங்க

அவர் உதவி ஆணையராகத் திரும்பி வந்த பிறகு நான் பேச்சுவார்த்தைக் குறிப்பு எழுதுகிறவன் ஆனேன். இந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. யார் என்ன கத்தினாலும் நாங்கள் அதைத் துவைத்து இஸ்திரி போட்டுத்தான் காகிதத்தில் வைப்போம். மேசையைத் தட்டினால் 'வலியுறுத்தினார்'. கெட்ட வார்த்தை சொன்னால் 'அதிருப்தி தெரிவித்தார்'. ஒரு நாள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியின் தகராறு வந்தது. தங்கையின் பிரசவத்துக்கு லீவு கேட்ட தொழிலாளியை இடைநீக்கம் செய்திருந்தார்கள். பேச்சின் நடுவே கம்பெனி மேலாளர் அந்தத் தொழிலாளியின் தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அதை இங்கே எழுத மாட்டேன். அந்தத் தொழிலாளி தலையைக் குனிந்துகொண்டார். நான் வழக்கம்போல 'நிர்வாகத் தரப்பு தன் ஆட்சேபத்தைத் தெரிவித்தது' என்று எழுதினேன்.

மேடம் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, இது யார் சொன்னது சேகர் என்று கேட்டார். அவர் என்ன சொன்னாரோ அதை எழுதுங்கள் என்றார். எழுதினேன். சத்தமாகப் படிக்கச் சொன்னார். படித்தேன். கையெழுத்துப் போடுங்கள் சார் என்று மேடம் அந்தக் காகிதத்தை மேலாளர் பக்கம் தள்ளினார். அவர் பேனாவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். பிறகு எழுந்து அந்தத் தொழிலாளியிடம் போய் ஏதோ சொன்னார். இடைநீக்கம் அன்றைக்கே ரத்தானது. மேலாளர் என்னிடம் கேட்டதை இப்போது வார்த்தை மாறாமல் தருகிறேன்: "எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா சார். சொன்னேன்னே எழுதிக்குங்க, ஆனா அடுத்த வரியில மன்னிப்புக் கேட்டேன்னும் எழுதுங்க."

ஒன்பது அமர்வு

எல்லாமே இப்படி நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம், வேறு மாநிலத்துக்கு இடம் மாறுவதாக அறிவித்தது. பெரும்பாலும் நாற்பது வயதைத் தாண்டிய தொழிலாளர்கள். அங்கே போகவும் முடியாது, இங்கே புது வேலையும் கிடைக்காது. மேடம் ஒன்பது முறை பேச்சுவார்த்தைக்குக் கூப்பிட்டார். நிர்வாகம் ஒவ்வொரு முறையும் வேறு வேறு ஆளை அனுப்பியது. வந்தவர்கள் எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள், எங்களுக்கு முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை, மேலே கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். தொழிற்சங்கச் செயலாளர் மூர்த்தி என்பவர் ஒவ்வொரு முறையும் மேடத்தைத்தான் திட்டினார். நிர்வாகத்திடம் விலைபோய்விட்டீர்கள் என்றுகூட ஒரு நாள் சொன்னார். மேடம் அதையும் எழுதச் சொன்னார்.

ஒன்பதாவது முறையும் ஒன்றும் நடக்கவில்லை. சமரசம் முறிந்துவிட்டது என்று அரசுக்கு அறிக்கை எழுதுவதுதான் எங்கள் சட்டத்தில் அதற்கு மேல் இருக்கும் வழி. மேடம் அதைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார். கொஞ்ச நேரம் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் நடந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வழக்கமாக அப்படிச் செய்கிறவர் இல்லை. திரும்பி வந்து அந்த வரியையும் சொல்லி முடித்துக் கையெழுத்துப் போட்டபோது மூர்த்தி இன்னும் வராந்தாவில் நின்றிருந்தார். மறுபடி திட்டத்தான் நிற்கிறார் என்று நான் நினைத்தேன். அவர் மேடத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க இத்த நிறுத்துவீங்கன்னு நாங்க நம்பவேயில்ல மேடம். ஒவ்வொரு தபாவும் எங்களுக்கு மின்னாடி வந்து ஒக்காந்துகினு இருந்தீங்களே, அதுக்காவத்தான் ஒம்போது தபா வந்தோம்."

ஜவுளிக்கடை நாற்காலி

கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தில் திருத்தம் வந்தபோது மேடம் துணை ஆணையர். அந்தப் பதவியில் இருப்பவர் கடை கடையாகப் போக வேண்டிய அவசியமில்லை. போனார். பூந்தமல்லியில் ஒரு பெரிய ஜவுளிக்கடை. பளபளவென்று புது நாற்காலிகள் வாங்கிச் சுவரோரம் வரிசையாகப் போட்டிருந்தார்கள். ஒருவரும் உட்காரவில்லை. கேட்டால், யாருக்கும் உட்காரப் பிடிக்கவில்லை மேடம், நின்று பழகிவிட்டார்கள் என்றார் மேலாளர். மேடம் சரி என்று தலையாட்டினார். அப்படியென்றால் நாமும் நின்றுகொண்டே பேசலாம் என்றார்.

பிறகு ஒவ்வொரு பதிவேடாகக் கேட்க ஆரம்பித்தார். வருகைப் பதிவேடு, விடுமுறைப் பதிவேடு, எல்லாவற்றையும் நின்றபடியே, அவசரமில்லாமல், பக்கம் பக்கமாகப் பார்த்தார். முக்கால் மணி நேரத்தில் மேலாளர் இடது காலிலிருந்து வலது காலுக்கு மாற ஆரம்பித்தார். எனக்கும் முட்டி வலித்தது, அதைச் சொல்ல முடியாத இடத்தில் இருந்தேன். ஒன்றேகால் மணி நேரம் கழித்து மேலாளர், தன்னை அறியாமல், ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டார். மேடம் சேலைப் பிரிவில் நின்ற பெண்கள் பக்கம் திரும்பி, சாருக்கே பிடித்திருக்கிறது, நீங்களும் உட்கார்ந்து பாருங்கள் என்றார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் உட்கார்ந்தவர் பதினோரு வருஷமாக அந்தக் கடையில் இருக்கும் ஒரு அம்மா. உட்கார்ந்து, முழங்காலைத் தடவிக்கொண்டு, எதிர் அலமாரிப் பக்கம் பார்த்தபடியே சொன்னார்: "நின்னுகினே இருந்ததுல தெரியல மேடம். அந்த அலமாரிக்கிக் கீய ஒரு ஜன்னலு கீது, அதுல ரோடு தெரியுது."

எங்களுக்கே ஒரு நோட்டீஸ்

எங்கள் அலுவலகம் அப்போது ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது. பெருக்கித் துடைக்க லட்சுமி என்று ஒரு அம்மா, ஒப்பந்தக்காரர் மூலமாக வந்தவர். ஒரு திங்கட்கிழமை மேடம், உங்கள் வார விடுமுறை என்றைக்கு என்று பேச்சுவாக்கில் அவரிடம் கேட்டார். லட்சுமிக்குக் கேள்வியே புரியவில்லை. நாங்கள் ஊரில் இருக்கும் எல்லாக் கடைக்கும் போய் வார விடுமுறைப் பட்டியலை ஒட்டச் சொல்கிறவர்கள். மேடம் அன்று மதியம் ஒப்பந்தக்காரருக்கு ஒரு நோட்டீஸ் தயாரிக்கச் சொன்னார். அலுவலகத் தலைவர் என்கிற முறையில் சட்டப்படி முதன்மை வேலையளிப்பவரான தனக்கே அதன் நகல் ஒன்றை அனுப்பச் சொன்னார். நான் தயாரித்து, அவர் அறைக்குள் போய் அவரிடமே கொடுத்து, பெற்றுக்கொண்டதாக அவரிடமே கையெழுத்து வாங்கினேன். அவர் சிரிக்கவில்லை. நானும் சிரிக்காமல் வெளியே வர மிகவும் சிரமப்பட்டேன்.

அந்த வாரமே லட்சுமிக்கு ஞாயிறு விடுமுறை என்று முடிவானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவசரக் கோப்பு ஒன்றுக்காக மேடமும் நானும் அலுவலகம் வந்தோம். (எங்களுக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை.) உள்ளே லட்சுமி மின்விசிறியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். துடைப்பம் மூலையில் இருந்தது. லீவு நாளில் ஏன் வந்தீர்கள் என்று மேடம் கேட்டதற்கு அவர் எழுந்திருக்காமலே பதில் சொன்னார்: "ஊட்ல ஒக்காந்தா இட்லி ஊத்து, துணி தோய்னு ஆளாளுக்கு ஏவுறாங்க மேடம். லீவு எட்க்கணும்னா இங்க வந்தாத்தான் உண்டு."

தேவகியின் கை

மற்றதையெல்லாம் மறந்தாலும் இதை மறக்க மாட்டேன். வேலையில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கும் வழக்குகளைத் துணை ஆணையர்தான் நீதிபதி போல உட்கார்ந்து விசாரிப்பார். தேவகிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குத்தம்பாக்கத்தில் புதுப் பேருந்து நிலையம் வந்ததே, அதற்குக் கொஞ்சம் தள்ளி வீடு. அப்பா அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். இவர் சென்னீர்குப்பத்தில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டினார். ஒரு நாள் வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. கம்பெனி ஒரே வரியில் பதில் மனு போட்டது: இந்தப் பெயரில் எங்களிடம் யாரும் வேலை செய்ததே இல்லை.

தேவகியிடம் காகிதம் என்று எதுவும் இல்லை. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'வீட்டில் கிரைண்டரில் மாட்டியது' என்று எழுதியிருந்தது. தேவகி மயக்கத்தில் இருந்தபோது, கூட்டிக்கொண்டு போன கம்பெனி மேற்பார்வையாளர் அப்படிச் சொல்லிச் சேர்த்திருக்கிறார். இப்போது அதே மேற்பார்வையாளர் கம்பெனியின் சாட்சியாக வந்து, இந்த அம்மாவை நான் பார்த்ததே இல்லை என்றார். தேவகிக்காக இலவச சட்ட உதவியில் வந்திருந்த வழக்கறிஞர் எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். அவர் அசையவில்லை. வழக்கு அன்றோடு முடிந்துவிட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

காயத்தைப் பதிவு செய்வதற்காகக் கையைக் காட்டும்படி மேடம் தேவகியிடம் சொன்னார். அதுவரை கையை முந்தானைக்குள் சுற்றியே வைத்திருந்த தேவகி, காட்ட மாட்டேன் என்று தலையாட்டினார். மேடம் காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து தேவகி இடது கையால் மடியில் இருந்த பையைத் துழாவி, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு போட்டோவை எடுத்து நீட்டினார். "இத்தப் பாருங்க மேடம். என் கை இப்டித்தான் இருந்துது." அவ்வளவுதான் அவர் நோக்கம். தன் கை நன்றாக இருந்ததை ஒருவராவது பார்க்க வேண்டும், அதற்காகத்தான் வீட்டிலிருந்து எடுத்து வந்திருக்கிறார்.

மேடம் அதை வாங்கி வெகு நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் தந்தார். ஆயுத பூஜை அன்று கம்பெனிக்குள் எடுத்த படம். மாலை போட்டுச் சந்தனம் குங்குமம் வைத்த மெஷின், மேலே கம்பெனி பெயர் எழுதிய பேனர். மெஷின் மேல் வலது கையை வைத்துக்கொண்டு, ஐந்து விரலும் தெரிய, தேவகி சிரித்துக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் பொரித் தட்டோடு மேற்பார்வையாளர். மேடம் குரலை உயர்த்தவில்லை. படத்தை மேற்பார்வையாளரிடம் கொடுத்து, பக்கத்தில் நிற்பது யார் என்று மட்டும் கேட்டார். அவர் படத்தைப் பார்த்தார், கம்பெனி வழக்கறிஞரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். "தேவகி மேடம்," என்றார். "என்கூட ஏ ஷிப்ட்டு." மேடம் பத்து நிமிஷம் விசாரணையை ஒத்திவைத்துவிட்டு உள்ளே போனார். நான் தண்ணீர் கொண்டு போனபோது ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். நான் டம்ளரை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

தீர்ப்பை வாரக் கணக்கில் தள்ளாமல் அவரே உட்கார்ந்து எழுதினார். தேவகிக்குச் சாதகமாக ஆனது. பல மாதம் கழித்து ஒரு நாள் தேவகி அலுவலகத்துக்கு வந்தார். இன்னும் பணம் வரவில்லை போலிருக்கிறது என்று நான் கோப்பைத் தேடினேன். அவர் கேட்டது சான்றாவணமாக நாங்கள் எண் போட்டு வைத்திருந்த போட்டோவை. அதற்கு மனு வேண்டும், விதி இருக்கிறது என்று நான் ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு மேடம் அறையை விட்டு வெளியே வந்தார். என் மேசையிலேயே நின்று மனுவை அவரே எழுதினார். தேவகி இடது கையால் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார். நகல் எடுத்துக்கொண்டு அசலை அன்றே கொடுத்தோம். இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தீர்கள் என்று நான் கேட்டதற்கு தேவகி சொன்னது: "காசு வந்துட்ச்சி சார், அத்த வச்சி ஊடு கூரை மாத்திட்டேன். ஆனா என் கை முய்சா இந்தப் போட்டோவுலதான கீது."

ஓய்வு பெற்ற நாள்

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் முன்னால், இணை ஆணையராக இருந்து மேடம் ஓய்வு பெற்றார். மாலை நாலு மணிக்குப் பாராட்டு விழா. சாமியானா, மாலை, தலைமையிடத்திலிருந்து வந்த பெரிய அதிகாரி எல்லாம் தயார். மூன்று மணிக்கு ஏழுமலை என்கிற முதியவர் ஒரு மஞ்சள் பையோடு வந்தார். அம்பத்தூரில் இருபது வருஷம் காவலாளியாக இருந்தவர். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் அவர் பெயர் 'எழில்மலை' என்று பதிவாகியிருந்தது. அது எங்கள் துறையே இல்லை, மத்திய அரசின் அலுவலகம், வேறு இடம். நான் அதைச் சொல்லி வழி சொல்லிக்கொண்டிருந்தபோது, கதவு வழியாகப் பார்த்த மேடம் அவரை உள்ளே கூப்பிட்டார்.

அவருடைய பையில் இருந்த காகிதங்களை ஒவ்வொன்றாக விரித்து வைத்து, எந்தெந்த ஆதாரத்தில் பெயர் எப்படி இருக்கிறது என்று பட்டியல் போட்டு, அந்த அலுவலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுத ஆரம்பித்தார். நாலு மணி ஆனது. நான் இரண்டு முறை எட்டிப் பார்த்தேன். ஒலிபெருக்கியில் யாரோ ஹலோ ஹலோ என்று சோதித்துக்கொண்டே இருந்தார்கள். நாலேமுக்காலுக்கு விண்ணப்பத்தை முடித்துப் படித்துக் காட்டினார். பெரியவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, அடுத்த வாரம் வந்து என்ன ஆச்சு என்று உங்களிடம் சொல்லிவிட்டுப் போகிறேன் என்றார். அடுத்த வாரம் நான் இங்கே இருக்க மாட்டேன் ஐயா, இன்றோடு ஓய்வு பெறுகிறேன் என்றார் மேடம். பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரொம்ப அக்கறையாகச் சொன்னார்: "அப்ப உனுக்கும் நாளைலேந்து வேல இல்லியா? காலைல வந்துடும்மா, அங்க கியூ பெர்சு, ரெண்டு பேரா நின்னா பேச்சுத்தொணையா இருக்கும்."

ஊரில் இருக்கிற உழைப்பாளிகளுக்கெல்லாம் எட்டு மணி நேர வேலையும் வார விடுமுறையும் வாங்கிக் கொடுத்த அந்த அம்மாவின் பக்கத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்திருந்தும், ஒரு நாளாவது பொழுதோடு வீட்டுக்குப் போயிராத என் மனுவை எந்த அலுவலகத்தில் கொடுப்பது என்று மட்டும் நான் அவரிடம் கேட்காமலே விட்டுவிட்டேன்.